கேஸ் ஷீட்டில் இல்லாத சலைன்

மைக்ரோபயாலஜி லேபிலிருந்து மேடம் கூப்பிட்டபோது மதியச் சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தேன். "சிஸ்டர், உங்க ஐசியூவிலிருந்து மூணாவது பிளட் கல்ச்சர். அதே கிருமிதான்."

பர்கோல்டேரியா செபேசியா என்ற பாக்டீரியா. எட்டு நாளில் மூன்று பேரின் ரத்தத்தில். மூவருக்குமே அட்மிட் ஆகி 48 மணி நேரம் தாண்டிய பிறகுதான் காய்ச்சல். வீட்டிலிருந்து கொண்டு வந்ததில்லை, நாங்கள் கொடுத்தது.

மற்ற மருந்தெல்லாம் கைவிட்டால் கடைசியாக எடுக்கும் கோலிஸ்டினுக்கு இந்தக் கிருமி பிறவியிலேயே அசையாது. பழைய கோட்ரைமாக்சசோலுக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். ஈரம் இருந்தால் போதும், தண்ணீரில், சலைனில், சில சமயம் கிருமிநாசினி பாட்டிலுக்குள்ளேயே குடியிருக்கும். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சொல்லும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட் மூன்றும் அச்சாக ஒரே மாதிரி இருந்தன. ஏதோ ஒரு ஈரத்திலிருந்துதான் மூவருக்கும் போயிருக்க வேண்டும்.

தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் என்பதால் தேடுவது என் வேலை. நீளத் தாளில் கட்டம் போட்டு படுக்கை எண், சென்ட்ரல் லைன் (மருந்து ஏற்றப் பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்) போட்ட தேதி, ஏறிய மருந்துகள், நெபுலைசர், டியூட்டியில் இருந்தவர்கள் என்று எழுதினேன். படுக்கைகள் அடுத்தடுத்து இல்லை. மூவருக்கும் பொதுவான மருந்தும் இல்லை. மூவருக்கும் லைன் இருந்தது, அவ்வளவுதான். சிங்க், நெபுலைசர் கப், ஹேண்ட்ரப் பாட்டில் எல்லாவற்றிலும் ஸ்வாப் எடுத்தேன். ஒன்றிலும் இது வளரவில்லை.

சரி என்று கேஸ் ஷீட்டை மூடிவிட்டு, ஒரு நைட் டியூட்டி முழுக்க ஐசியூ ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு மணி வாக்கில் மருந்து ஏற்றி முடித்த ஜூனியர் பெண், டிராலியிலிருந்த 500 மில்லி சலைன் பாட்டிலிலிருந்து பத்து மில்லி இழுத்து லைனை ஃப்ளஷ் செய்தாள், அதாவது சலைனை உள்ளே செலுத்திக் குழாயைக் கழுவிவிட்டாள். பாட்டில் மூடியில் ஊசி குத்தியபடியே நின்றது, ஆடாமலிருக்கச் சுற்றிலும் பிளாஸ்டர். திறந்த தேதி எழுதியிருக்கவில்லை. அடுத்த படுக்கைக்கும் அதே பாட்டில்.

ஃப்ளஷ்ஷை யார் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள்? ஐசியூவில் இருந்த காலத்தில் நானும் எழுதியதில்லை. ஊசியையும் இப்படித்தான் குத்தி வைத்திருக்கிறேன். அவளைத் திட்ட வாய் வரவில்லை. பாட்டிலை அப்படியே பையில் போட்டு லேபுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் மேடம் போனில் சொன்னது ஒரே வார்த்தை: "அதேதான்."

பாட்டில்களை அன்றே தூக்கிவிட்டோம். ஆளுக்கு ஒன்றாக, ஒரே தடவை உடைத்துப் பயன்படுத்தும் பத்து மில்லி ஆம்பூல் கேட்டால் செலவு அதிகம் என்றார்கள். ஆயிரம் லைன் நாளுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் ஒரு லைன் நாள்) எத்தனை தொற்று என்று மாதவாரியாகக் கணக்குப் போட்டுக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது. கிருமி வளர எடுத்ததைவிட அதற்குத்தான் அதிக நாள் ஆனது.

இருவர் ஒரு வாரத்தில் வார்டுக்கு மாறினார்கள். மூன்றாமவருக்குப் பழைய லைனை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டியிருந்தது; அவரும் வீடு போய்ச் சேர்ந்தார். நான்காவது போன் வரவில்லை.