கம்பெனி ஃபாரம் போடறதுக்கு முன்னாடி வீட்ல பேசி முடிக்க வேண்டியது

அக்கா பேர்ல ஓடிட்டிருக்கற மஞ்சத்தூள் வியாபாரத்தை பிரைவேட் லிமிடெட் கம்பெனியா மாத்தப் போறோம். அக்கா, நான், என்கூட ஸ்கூல்ல படிச்ச ஃப்ரெண்ட் ஒருத்தன், மொத்தம் மூணு பேரு. ஈரோட்லதான். இதுக்கான வேலை கொஞ்ச மாசமாவே நடக்குது, இதுல தெரிஞ்சுக்கிட்டதை எழுதி வச்சா நம்ம பக்கம் சின்னதா தொழில் பண்றவங்க யாருக்காவது உதவும்னு தோணுச்சு.

நெட்ல தேடினா எல்லாரும் ஃபாரம் பேரையும் ஃபீஸையும்தான் சொல்றாங்க. உண்மைய சொன்னா ஃபாரம்தான் இருக்கறதுலயே சுலபமான பகுதி. 2020 பிப்ரவரில இருந்து ஸ்பைஸ் பிளஸ்னு ஒரே ஃபாரம்தான், முதல் பார்ட்ல பேரு, ரெண்டாவது பார்ட்ல பதிவு, அதோடவே டைரக்டர் நம்பர், பான், டான் (டிடிஎஸ் பிடிக்கறதுக்கான நம்பர்), பேங்க் அக்கவுண்ட், பிஎஃப், ஈஎஸ்ஐ, வேணும்னா ஜிஎஸ்டி எல்லாம் வந்துடும். ஈரோட்டுக்கு ஆர்ஓசி, அதாவது கம்பெனிகளோட பதிவாளர் ஆபீஸ், கோயம்புத்தூர்ல இருக்கு, ஆனா புது கம்பெனி அப்ளிகேஷனைப் பாக்கறது ஹரியானால மானேசர்ல இருக்கற சென்ட்ரல் ரெஜிஸ்ட்ரேஷன் சென்டர்ல. அங்க உக்காந்து பாக்கறவருக்கு நம்ம ஊர் இனிஷியல் கதையும் தெரியாது, தாத்தா பேர்லயே இருக்கற ஈபி கார்டு கதையும் தெரியாது. பேப்பர்ல இருக்கறது மட்டும்தான் அவருக்கு. அதனால அப்லோட் பண்றதுக்கு முன்னாடி நம்ம வீட்டுக்குள்ள முடிக்க வேண்டிய வேலைதான் நிஜமான வேலை.

எதுக்கு கம்பெனின்னு அப்பா கேட்டாரு. இப்ப அக்கா புரொப்ரைட்டர், நாளைக்கு தொழில்ல கடன் நின்னுச்சுன்னா அக்காவோட வீடு, நகை, தோட்டம் எல்லாத்து மேலயும் கைவைக்கலாம். கம்பெனின்னா அது சட்டப்படி தனி ஆளு, அது வாங்கின கடன் அதோடது. 1897-ல இங்கிலாந்துல சாலமன்னு ஒரு செருப்பு வியாபாரி கேஸ்ல வந்த தீர்ப்புதான் இன்னிக்கு வரைக்கும் இதுக்கு அடிப்படை. ஆனா இதையும் முழுசா நம்பிடக் கூடாதுங்க, சின்ன கம்பெனிக்கு பேங்க் லோன் குடுக்கும்போது டைரக்டர்கிட்ட பர்சனல் கேரண்டி கையெழுத்து வாங்கிடுவாங்க, அந்தக் கடனுக்கு மட்டும் நம்ம சொத்தும் பொறுப்புதான். எல்எல்பி, அதாவது கடன் பொறுப்புக்கு வரம்பு இருக்கற கூட்டு வியாபாரம், அதைப் பத்தியும் யோசிச்சோம், பின்னாடி வெளி ஆளுங்க பணம் போட்டு பங்கு வாங்கறதுக்கு கம்பெனிதான் வசதின்னு முடிவு பண்ணோம்.

செலவைப் பத்தி ஒரு தப்பான பேச்சு இன்னும் ஓடுது, ஒரு லட்சம் முதல் காட்டணும்னு. அந்தக் கட்டாயத்தை 2015-லயே எடுத்துட்டாங்க. ஆத்தரைஸ்டு கேப்பிட்டல், அதாவது கம்பெனி அதிகபட்சமா எவ்வளவுக்கு பங்கு குடுக்கலாம்ங்கற தொகை, 15 லட்சம் வரைக்கும் பதிவு ஃபீஸே கிடையாது, ஸ்டாம்ப் டூட்டி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அப்புறம் ஆளுக்கு ஒரு டிஜிட்டல் சிக்னேச்சர், ஆடிட்டர் ஃபீஸ். ஆரம்பிக்கற செலவு பெருசில்ல, வச்சு நடத்தறதுக்குத்தான் செலவு. ஒத்த ரூபா வியாபாரம் ஆகலைன்னாலும் வருஷா வருஷம் ஆடிட் பண்ணணும், கணக்கையும் ரிட்டர்னையும் ஃபைல் பண்ணணும், லேட்டானா ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ஒரு நாளைக்கு 100 ரூபா, அது ஏறிட்டே போகும். 2017-ல இப்படி ஃபைல் பண்ணாம கிடந்த ரெண்டு லட்சத்துக்கும் மேல கம்பெனிய கவர்ன்மென்ட் லிஸ்ட்ல இருந்து தூக்கிடுச்சு, டைரக்டர்ஸ் மூணு லட்சம் பேருக்கு மேல தகுதி இழந்தாங்க. "சும்மா பேரை மட்டும் பதிஞ்சு வச்சுக்கலாம்"னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், பங்கு. யாருக்கு எவ்வளவுங்கறதை ஆளுக்கு மூணுல ஒண்ணுன்னு சமமா போட்டுட்டா சண்டை வராதுன்னுதான் முதல்ல எல்லாருமே சொன்னோம். ஆனா சட்டத்துல ரெண்டு கோடு இருக்கு. சாதாரண தீர்மானத்துக்கு பாதிக்கு மேல ஓட்டு வேணும், ஸ்பெஷல் தீர்மானத்துக்கு முக்கால் பங்கு வேணும். கம்பெனி விதிகளை மாத்தறது, பேரை மாத்தறது மாதிரி பெரிய விஷயமெல்லாம் ஸ்பெஷல்ல வரும். டைரக்டரை எடுக்கறதுக்கு சாதாரண தீர்மானமே போதும், முன்கூட்டி நோட்டீஸ் மட்டும் குடுக்கணும். அப்ப நூத்துக்கு 51 பங்கு வச்சிருக்கறவர் தினசரி விஷயத்தையெல்லாம் முடிவு பண்ணலாம், 26 வச்சிருக்கறவர் பெரிய விஷயத்தை தடுத்து நிறுத்தலாம். இது புரிஞ்சதும் பேச்சே மாறிடுச்சு. தொழிலை இத்தனை வருஷம் தூக்கி நிறுத்தினது அக்கா, அதனால அக்காவுக்கு 51. ஃப்ரெண்டு போடறது அவன் சேமிப்பு மொத்தமும், அவனைக் கேக்காம நாங்க அக்கா தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து விதியை மாத்திடக் கூடாது, அதுக்காக அவனுக்கு 26. மீதி 23 எனக்கு. அக்காவும் அவனும் சேர்ந்தா என்னைக் கேக்காம எதையும் பண்ணலாம்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் ஒத்துக்கிட்டேன், ஏன்னா குடும்பத்துல இருக்கற எனக்கு பேச வேற வழி இருக்கு, அவனுக்கு அந்த பேப்பர் மட்டும்தான் இருக்கு.

அடுத்து, யாராவது விலகினா என்ன? இதைப் பேச ஆரம்பிச்சதும் அப்பாவுக்கு பிடிக்கல, "நல்ல காரியம் ஆரம்பிக்கறப்ப பிரியறதைப் பத்தி எதுக்குடா பேச்சு"ன்னாரு. ஃப்ரெண்டுதான் சொன்னான், "அப்பா, இப்ப சிரிச்சிட்டே பேசிடலாங்ப்பா, பின்னாடி பேசறப்ப சிரிக்க முடியாது"ன்னு. அவன் சொன்னது சரிதான். பங்கை வெளிய விக்கறதுக்கு முன்னாடி மத்த ரெண்டு பேருக்கும் முதல்ல குடுக்கணும், விலையை வெளி ஆடிட்டர் ஒருத்தர் போடணும், முதல் மூணு வருஷத்துக்குள்ள வேலைய விட்டுப் போறவர் பங்குல ஒரு பகுதியை திருப்பிக் குடுக்கணும், ஒருத்தர் தவறிட்டா பங்கு யாருக்குன்னு நாமினேஷன், இதெல்லாம் ஒரு நோட்டுல தமிழ்லயே எழுதி மூணு பேரும் கையெழுத்து போட்டுட்டுதான் ஆடிட்டர்கிட்ட குடுத்தோம். அவர் இதையெல்லாம் ஆர்ட்டிகிள்ஸ்ல, அதாவது கம்பெனியோட உள் விதிகள்ல, சேத்து எழுதறேன்னாரு. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா பெரும்பாலும் டேபிள் எஃப்னு சட்டத்துலயே இருக்கற மாடலை அப்படியே போட்டுடுவாங்க, அதுல ஓட்டு சமமா வந்தா போர்டு சேர்மனுக்கு இன்னொரு ஓட்டு உண்டு. சேர்மன் யாருன்னு பேசாம அந்த மாடல்ல கையெழுத்து போடாதீங்க.

பணத்துலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. நம்ம ஊர்ல தொழிலுக்கு அவசரப் பணம்னா நகைக்கடன்தான். டைரக்டர் தன் கம்பெனிக்கு கடன் குடுக்கலாம், சட்டம் தடுக்கல, ஆனா "இது நான் வெளிய கடன் வாங்கிக் குடுக்கற பணம் இல்ல"ன்னு எழுத்துல டிக்ளரேஷன் குடுக்கணும். நகையை வச்சு வாங்கின பணத்துக்கு அப்படி எழுதிக் குடுக்க முடியாது. அதனால அக்கா நகை வச்சு போடற பணத்தை கடனா காட்டாம பங்கு முதலாவே போடறோம். பங்குப் பணத்தை அவங்கவங்க பேங்க் அக்கவுண்ட்ல இருந்துதான் கம்பெனி அக்கவுண்டுக்கு அனுப்பணும். அப்படிப் பணம் வந்துடுச்சுன்னு 180 நாளைக்குள்ள ஐஎன்சி 20ஏ ஃபாரம் போடணும், அது போடற வரைக்கும் கம்பெனி வியாபாரமே ஆரம்பிக்கக் கூடாது. போடலைன்னா கம்பெனிக்கு 50,000 அபராதம்.

இனி பேரு. கம்பெனி பேரு இல்ல, நம்ம பேரு. தமிழ்நாட்டுக்காரங்களுக்கு இது பெரிய தலைவலி. நமக்கு சர்நேம் கிடையாது, பான் கார்டு ஃபாரம் சர்நேம் கேக்குது, இனிஷியலை ஏத்துக்காது, அதனால அப்பா பேரை கடைசிப் பேரா போட்டு விட்டுருப்பாங்க. கே. சரவணன்னு ஒருத்தர் பான்ல சரவணன் குப்புசாமியா இருப்பாரு, ஆதார்ல சரவணன் கே, பேங்க் பாஸ்புக்ல கே சரவணன். நமக்கு மூணும் ஒரே ஆளு, கம்ப்யூட்டருக்கு மூணு ஆளு. டிஜிட்டல் சிக்னேச்சர், டைரக்டர் நம்பர் எல்லாமே பான்ல இருக்கற பேரைத்தான் பிடிச்சுக்கும். கல்யாணமான பொண்ணுங்களுக்கு இன்னும் சிக்கல், அக்காவுக்கு பான்ல அப்பா பேரு, ஆதார்ல கல்யாணத்துக்கப்புறம் மாத்தின மாமாவோட இனிஷியல். டைரக்டர் விவரத்துல கேக்கறது அப்பா பேருதான், கல்யாணம் ஆனாலும் அப்பா பேருதான். நான் சொல்றது என்னன்னா, கம்பெனி ஆரம்பிக்கலாம்னு நினைப்பு வந்த அன்னிக்கே எல்லார் பான், ஆதார், பாஸ்புக் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாருங்க, பிறந்த தேதியையும் பாருங்க, திருத்தம் போட்டு வர நாளாகும். அப்புறம் அந்த டிஜிட்டல் சிக்னேச்சர் யுஎஸ்பி டோக்கன், கிளாஸ் 3 தான் இப்ப செல்லும், வீடியோல நம்ம முகத்தைப் பாத்துட்டுதான் குடுப்பாங்க. அது உங்க கையெழுத்து. வசதின்னு சொல்லி யார் ஆபீஸ்லயும் விட்டுட்டு வராதீங்க.

அட்ரஸ் ப்ரூஃபும் இதே கதைதான். மில் இருக்கற எடம் தாத்தாவோடது, அவர் தவறி பல வருஷம் ஆச்சு, ஈபி கார்டு இன்னும் அவர் பேர்ல. ரெஜிஸ்டர்ட் ஆபீஸுக்கு ரெண்டு மாசத்துக்குள்ள வந்த பில்லும், ஓனர் கையெழுத்து போட்ட என்ஓசியும் (ஆட்சேபனை இல்லைங்கற கடிதம்) வேணும். ஓனர்னு யார் கையெழுத்து போடறது? வாரிசு சான்றிதழ் வச்சு ஈபி, வீட்டு வரி ரெண்டையும் அப்பா பேருக்கு மாத்த எழுதிக் குடுத்தாச்சு. பதிவப்பவே ரெஜிஸ்டர்ட் ஆபீஸ் குடுத்தாகணும்னு இல்ல, பதிவாகி 30 நாளைக்குள்ள குடுக்கலாம், ஆனா ஜிஎஸ்டிக்கு எப்படியும் வேணும், முதல்லயே முடிக்கறது நல்லது. பதிவானதும் வாசல்ல கம்பெனி பேரும் அட்ரஸும் போர்டு வைக்கணும், இங்கிலீஷ்ல வச்சா ஊர் மொழியிலயும் இருக்கணும்னு கம்பெனி சட்டமே சொல்லுது. எங்க போர்டுல தமிழ்தான் மேல வரும்.

கம்பெனி பேருக்கு ஒரு தடவைல ரெண்டு பேரு குடுக்கலாம், ஃபீஸ் 1000 ரூபா. நியூமராலஜிக்காக ஒரு எழுத்து கூடப் போட்டா அது வேற பேருன்னு நம்ம ஆளுங்க நினைக்கறாங்க, சட்டம் அப்படி நினைக்கல, உச்சரிப்பு ஒண்ணா இருந்தா, ஒருமை பன்மை மட்டும் மாறினா, எல்லாம் அதே பேருதான். டிரேட்மார்க் லிஸ்ட்லயும் தேடணும், மஞ்சத்தூள், மசாலா எல்லாம் அந்த லிஸ்ட்ல கிளாஸ் 30-ங்கற வகைல வரும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, அதை லேபிள்ல போடணும்னா ஆத்தரைஸ்டு யூசரா தனியா பதிவு பண்ணணும், அதுக்கும் மனு ரெடி பண்றோம்.

ஒரு விஷயம் பலரும் கவனிக்கறதில்ல, கம்பெனிக்கு பான் புதுசு, அப்ப ஜிஎஸ்டி புதுசு, எஃப்எஸ்எஸ்ஏஐ குடுக்கற உணவு லைசன்ஸும் கம்பெனி பேர்ல புதுசா வாங்கணும். பழைய நம்பர் அச்சடிச்ச பவுச் ஸ்டாக் எவ்வளவு இருக்குன்னு பாத்து, புது ஆர்டரை இப்பவே குறைச்சுட்டோம்.

எப்ப பதியறதுங்கறதுலதான் வீட்ல எல்லாரும் ஒரே மனசா இருந்தாங்க. பேரு அப்ரூவ் ஆனா 20 நாள்தான் செல்லும், பணம் கட்டினா 60 நாள் வரைக்கும் நீட்டலாம், அதனால பேரை வாங்கி வச்சுட்டு நல்ல நாள் பாக்கறது சரிப்படாது, நாளை முதல்ல முடிவு பண்ணிட்டு பேருக்குப் போடணும். அம்மா தை மாசம்னு சொன்னாங்க, ஆடிட்டரும் ஜனவரி 1-க்கு அப்புறம்னு சொன்னாரு. காரணம், ஜனவரி 1 அல்லது அதுக்கு அப்புறம் பதிவாகற கம்பெனியோட முதல் கணக்கு வருஷம் அடுத்த வருஷம் மார்ச் 31-ல முடியலாம், டிசம்பர்ல பதிஞ்சா மூணே மாசத்துக்கு ஒரு ஆடிட், ஒரு ஏஜிஎம் (பங்குதாரர்களோட வருடாந்திரக் கூட்டம்) எல்லாம் பண்ணணும். இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் மட்டும் எப்படியும் இந்த மார்ச்சோட கணக்குக்கு போட்டாகணும், அது தனி. புது மஞ்சள் வரத்தும் தை கடைசி, மாசிலதான், அதுக்குள்ள கம்பெனி அக்கவுண்ட்ல பணம் நின்னு ஐஎன்சி 20ஏவும் போட்டுட்டா முதல் கொள்முதலையே கம்பெனி பேர்ல போட்டுடலாம். மார்கழி முடியறதுக்குள்ள அக்காவோட ஆதார் திருத்தமும் ஈபி பேர் மாத்தமும் கைக்கு வந்துடணும், அதுக்குத்தான் இப்ப அலைஞ்சிட்டிருக்கோம்.