மாமா படகின் பழைய எண்ணெய்

8 பிப்ரவரி 2025, சனி
பினாங்கு, பத்து மாவுங். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வருவதற்கு முன் மாமா நிரப்பிய பெட்ரோல் இன்னும் தொட்டியிலேயே கிடக்கிறது. மூடியைத் திறந்தால் வார்னிஷ் நெடி. தொட்டி தளத்துக்கு அடியில் பொருத்தியது, கழற்ற வழியில்லை. இருக்கிற இடத்திலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும்.

"குழாயை விட்டு வாயால ஒரு இழு இழுங்க மாப்பிள்ளே, தானா வந்துடும்" என்றார் மாமா. முடியாது என்று சொல்லிவிட்டேன். பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

11 பிப்ரவரி, செவ்வாய்
தைப்பூசம். குடும்பத்தோடு தண்ணீர்மலை முருகன் கோயில். படகுப் பக்கம் போகவில்லை.

15 பிப்ரவரி, சனி
காலையிலேயே தொடங்கினோம். என்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றித் தாழ்த்திப் பிடித்தால் சொட்டுகூட வரவில்லை. தொட்டி வாயில் ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு இருக்கிறது. குழாய் அறுந்தாலும் எண்ணெய் படகுக்குள் கொட்டாமல் இருக்கத்தான் அது. சரி, மேலே எண்ணெய் அளவு காட்டும் மிதவையின் தட்டைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக எடுப்பது என்று முடிவு செய்தோம்.

தட்டில் கை வைக்கும் முன்பே பேட்டரி இணைப்பைக் கழற்றி, எல்லா மூடிகளையும் திறந்து போட்டேன். கைப்பேசிகள் காரில். நான் அஞ்சுவது ஆவிக்குத்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பக்கத்துப் படகுக்காரர் அன்போடு டிரில்லில் மாட்டும் பம்ப் கொண்டுவந்தார். அதன் மோட்டாரிலேயே பொறி பறக்கும் அண்ணே, வேண்டாம் என்றேன். கைப்பம்ப்தான்.

உலோகக் கேன்களை மண்தரையில் வைத்து, தொட்டியோடு கம்பியால் இணைத்த பிறகே ஊற்றினோம். பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் வைத்தே நிரப்புகிறவர்களைப் பார்க்கும்போது பதறுகிறது. நிலைமின்சாரம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். குழாய் முனை கேனின் அடியைத் தொடும்படி விட்டு, மெதுவாக. விளிம்புவரை நிரப்பவில்லை, வெயிலில் எண்ணெய் விரியும்.

கடைசியில் வந்ததைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்தோம். கீழே தண்ணீர், மேலே தேநீர் நிறத்தில் பெட்ரோல். மாமா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

16 பிப்ரவரி, ஞாயிறு
மூடிகளை இரவு முழுக்கத் திறந்தே வைத்திருந்தோம். அடித்தளத்தில் நெடி துளியும் இல்லை என்று உறுதியான பிறகே பேட்டரியை மாட்டினேன். ஃபில்டர் புதிது.

புல்வெட்டும் மெஷினுக்குக் கொடுக்கலாமே என்கிறார் மாமா. பிசின் கட்டிய எண்ணெய் அதையும் கெடுக்கும். கடலில் கொட்டுவதை மலேசியாவின் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டமே தடுக்கிறது, சாக்கடையும் கடலுக்குத்தான் போகிறது. உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பவரிடம் பேசியாயிற்று. அதுவரை கேன்கள் வீட்டுக்கு வெளியே, நிழலில், மூடி இறுக்கி.