சி வகுப்பில் படித்தது

பழைய மாணவர் மலருக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விளையாட்டு மைதானத்தில்தான் தொடங்குவார்கள். எனக்கு மைதானத்தோடு அவ்வளவு உறவில்லை. நான் கிடந்தது மின்னணுவியல் ஆய்வகத்தில், அங்கிருந்த பழைய வால்வு (வெற்றிடக் குழாய்) டிரான்ஸ்மிட்டருக்கு, அதாவது குரலை வானலையில் அனுப்பும் கருவிக்குப் பக்கத்தில்.

எங்கள் ஆசிரியர் அதை உடனே இயக்கிக் காட்டிவிடவில்லை. மூடியைக் கழற்றி, "இதில் எது கனமானது, சொல்லுங்கள்" என்றார். வானலையை உண்டாக்கும் பகுதியைவிடப் பேச்சைப் பெருக்கும் பகுதியும் அதன் டிரான்ஸ்பார்மரும்தான் கனம். கடைசிக் கட்டப் பெருக்கி 100 வாட் மின்சாரம் எடுத்தால், அதை முழுமையாகப் பண்பேற்ற, அதாவது பேச்சுக்கேற்ப அலையின் வீச்சை ஏற்றி இறக்க, பேச்சின் பக்கமிருந்து 50 வாட் வந்தாக வேண்டும். அந்த உழைப்புதான் குரல் அடங்கிய இரு அலைவெண் பட்டைகளாக (பக்கப்பட்டைகள்) வெளியே போகிறது. அப்படியும் மொத்தத் திறனில் மூன்றில் இரண்டு பங்கை குரலைச் சுமக்கும், ஆனால் தன்னில் எந்தச் செய்தியும் இல்லாத ஊர்தி அலையே தின்றுவிடும். வீண் செலவுதான். ஆனால் ஒற்றை டையோடு வைத்த எளிய வானொலிகூடக் குரலைப் பிரித்தெடுக்க முடிவது அந்தச் செலவினால்தான்.

பெருக்கிகளின் வகுப்புகள், அதாவது அலையின் ஒரு சுழற்சியில் எவ்வளவு நேரம் அவை மின்னோட்டத்தைக் கடத்துகின்றன என்ற பிரிவுகள், பாடத்தில் வந்தபோதுதான் எங்களுக்குள் சண்டை மூண்டது. ஏ வகுப்பு சுழற்சி முழுவதும் மின்னோட்டத்தைக் கடத்தும். சுத்தமானது, ஆனால் கணக்கில்கூட அதன் பயனுறுதிறன் (எடுக்கும் மின்சாரத்தில் அலையாக வெளியே கிடைக்கும் பங்கு) 50 சதவீதத்தைத் தாண்டாது. பி வகுப்பு அரைச் சுழற்சி, உச்சவரம்பு 78.5 சதவீதம். சி வகுப்போ அரைச் சுழற்சிகூட விழித்திருப்பதில்லை. பயனுறுதிறன் இன்னும் கூடுகிறது, ஆனால் வெளிவருவது வெறும் துடிப்புகள். அலையை இப்படி நறுக்கிப் போடும் பெருக்கி எப்படித் தெளிவான குரலை அனுப்பும்? இடைவேளையிலும் இதே வாக்குவாதம்.

ஊஞ்சலை முழு நேரமும் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. உரிய கணத்தில் ஒரு தட்டுப் போதும் என்றார் ஆசிரியர். சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த இசைவுச் சுற்று அந்தத் துடிப்புகளை வாங்கி முழு அலையாக ஆடிக் காட்டுகிறது. குரல் ஏறுவது வால்வின் பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு) மின்னழுத்தத்தில். அது உயரத் தாழ, அலையின் வீச்சும் உயர்ந்து தாழ்கிறது. அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் கிடை அச்சில் பேச்சையும் செங்குத்து அச்சில் வெளியீட்டையும் கொடுத்தால் ஒரு சரிவகம் தெரியும். பண்பேற்றம் 100 சதவீதத்தை எட்டும்போது அது கூர்மையான முக்கோணமாகும். அந்தப் பச்சை முக்கோணம்தான் என்னை இத்தொழிலுக்கு இழுத்து வந்தது.

ஏற்கெனவே பண்பேற்றிய அலையைச் சி வகுப்பிடம் கொடுத்தால் கதை வேறு. வீச்சு தாழும் இடங்களில் வால்வு திறக்கவே திறக்காது, குரல் சிதையும். அங்கே பி வகுப்பு நேரியல் பெருக்கி (வரும் வீச்சை அதே விகிதத்தில் பெருக்குவது) வேண்டும். பேச்சில்லாத நேரத்தில் அதன் பயனுறுதிறன் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பெல் ஆய்வகத்தின் பொறியாளர் டோஹர்ட்டி 1936இல் இதற்கு வழி கண்டார்: ஒரு வால்வு ஊர்தி அலையைச் சுமக்கும், உச்சங்களில் மட்டும் இன்னொன்று கைகொடுக்கும். பயனுறுதிறன் 60 சதவீதத்துக்கு மேல் போனது.

இன்று நான் வேலை செய்யும் கைபேசிக் கோபுரப் பெருக்கிகளிலும் அதே டோஹர்ட்டி அமைப்புதான், டிரான்சிஸ்டர் உடுப்பில். புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு அதை விளக்க நான் இரண்டு வால்வுகளைத்தான் முதலில் வரைகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.