ஒப்பிடுக: 10 மதிப்பெண்

கல்லூரியில் பல துறைகளுக்கும் பொதுப்பாடமான பகுதி ஒன்று தமிழ் நடத்துகிறவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வினாவைச் சொல்வார்கள்: 'கண்ணகி, மாதவி பாத்திரப் படைப்புகளை ஒப்பிடுக.' 10 மதிப்பெண். நான் வேலை பார்ப்பது ஒரு மகளிர் கல்லூரியில். வணிகவியலோ கணினி அறிவியலோ, சிலப்பதிகாரம் பாடமாக இருக்கும் பருவத்தில் இதற்கு விடை தயார் செய்யாமல் யாரும் தேர்வறைக்குள் போவதில்லை.

விடைகளும் ஒரே அச்சுத்தான். இடப்பக்கம் கண்ணகி, வலப்பக்கம் மாதவி, நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. கண்ணகிக்குப் பொறுமை, கற்பு, கணவனை எதிர்த்துப் பேசாத குணம். மாதவிக்கு ஆடல், பாடல், அழகு. அதன்பிறகு 'கணிகையர் குலத்தில் பிறந்தும் கற்புநெறி நின்றாள்', 'சேற்றில் மலர்ந்த செந்தாமரை'. கைடில் இருப்பது அப்படியே இறங்கியிருக்கும். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த விடைக்குத்தான் நாங்களும் எட்டு, எட்டரை போடுகிறோம். கோவலனுக்கு மட்டும் அந்தக் கோட்டின் இரண்டு பக்கத்திலும் இடம் கிடையாது.

பாடம் நடத்தும்போது நான் வேண்டுமென்றே நின்று போகும் இடம் ஒன்று உண்டு. மங்கல வாழ்த்துப் பாடலில் கண்ணகி 'ஈராறாண்டு அகவையாள்', கோவலன் 'ஈரெட்டாண்டு அகவையான்'. அவளுக்கு 12, அவனுக்கு 16. யானைமேல் பெண்களை ஏற்றி ஊருக்கெல்லாம் சொல்லி மணம் முடிக்கிறார்கள். நடுவில் மனையறம் படுத்த காதை, அதற்கடுத்து வருவது அரங்கேற்று காதை. ஏழாண்டுப் பயிற்சி முடித்த மாதவியைச் சோழன்முன் ஆட நிறுத்துகிறார்கள். அவளுக்கும் வயது 12. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டேன். வகுப்பு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"ரெண்டு பேருமே ஏழாங்கிளாஸ், அம்மா" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. (மற்றத் துறை ஆசிரியைகள் எல்லாம் 'மேம்', தமிழ்த்துறைக்கு மட்டும் 'அம்மா'.)

அதற்குப் பிறகு அந்த வகுப்பில் 'குலமகள் விலைமகள்' என்று பிரித்துப் பேச எனக்கே வாய் வரவில்லை. ஒரே ஊரில் ஒரே வயதில் இரண்டு சிறுமிகள். ஒருத்திக்கு இல்லறம், ஒருத்திக்கு அரங்கம் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். குணம் என்று நாம் பட்டியல் போடுவதில் பாதி அந்த முடிவிலிருந்து வந்ததுதான்.

மாலை விற்கும் பகுதியை வணிகவியல் மாணவிகளுக்கு நடத்துவதே தனி அனுபவம். மாதவியின் ஆட்டத்துக்கு அரசன் ஆடல்மகளிருக்குரிய தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் தருகிறான். அத்தனை பொன் பெறும் மாலை இது, வாங்குகிறவர் மாதவிக்குத் தகுந்தவர் என்று ஒரு கூனியின் கையில் கொடுத்து, செல்வர் வீட்டு இளைஞர்கள் திரியும் தெருவில் நிற்க வைக்கிறார்கள். "இது ஏலம்தானேம்மா, ரிசர்வ் ப்ரைஸ் வச்சிருக்காங்க" என்றாள் ஒரு மாணவி. பக்கத்தில் இருந்தவள் கைடைப் புரட்டிக்கொண்டே, "பணம் கொடுத்து வாங்கினது கோவலன். இதுல 'மாதவி கோவலனை மயக்கினாள்'னு போட்டிருக்கே?" என்றாள். இளங்கோ அப்படி எழுதவில்லை. 'விடுதல் அறியா விருப்பினன் ஆயினன்' என்று அவனைத்தான் சொல்கிறார். கடற்கரையில் கானல்வரி பாடும்போதும் இதே கதைதான். வேறொருத்தியை நினைத்தவன்போல் அவன் பாடினால் அது பாட்டு. அதே பாணியில் அவள் திருப்பிப் பாடினால் 'மாயத்தாள்' என்று எழுந்து போய்விடுகிறான்.

கண்ணகியின் பொறுமைக்கு வருகிறேன். அவள் மூச்சு விடாமல் இருந்தாள் என்றுதான் எல்லா விடைகளும் சொல்லும். கொலைக்களக் காதையில், சிலம்பு விற்கக் கோவலன் கிளம்பும் முன், மதுரையில் அடைக்கலம் தந்த மாதரி வீட்டில் சாப்பாடு முடிந்தபின், இருவரும் பேசும் இடம் ஒன்று இருக்கிறது. எழு என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன செய்தாய் என்று அவன்தான் கேட்கிறான். அறவோர்க்கு அளிப்பது, துறவோரை எதிர்கொள்வது, விருந்து பேணுவது எல்லாவற்றையும் இழந்து நின்றேன். உங்கள் அப்பாவும் அம்மாவும் வந்தபோது நான் சிரித்த பொய்ச்சிரிப்பைப் பார்த்து அவர்கள் மனம் நொந்தது என்று சொல்லிக்கொண்டே வந்து, 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்கிறாள். உங்கள் நடத்தை தகாத நடத்தை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். குரலை உயர்த்தவில்லை, அவ்வளவுதான்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் இதற்கு ஒரு வழக்கே நடந்தது. 'கண்ணகி கோவலனின் தவறைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தாள்' என்று யாரோ ஒரு பிள்ளை எழுதியிருந்தது. என் பக்கத்து இருக்கைக்காரர் சிவப்பு மையால் அடித்துவிட்டுக் காதைப் பெயரையும் கேள்விக்குறியாக்கி வைத்திருந்தார். நான் அது மூலத்தில் இருக்கிறது என்றேன். விவகாரம் தலைமைத் திருத்துநர் வரை போனது. "விடைக்குறிப்புல இல்லையே, மேடம்" என்றார் அவர். போனில் பாடலை எடுத்துக் காட்டினேன். நிதானமாகப் படித்தார், நல்ல வாசிப்பு உள்ளவர்தான். படித்துவிட்டு, "இது கண்டிப்பு இல்லைங்க, மேடம். வருத்தம்" என்றார். அரை மதிப்பெண் கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் பேருந்தில் வரும்போதும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சென்னைக் கடற்கரையில் 1968-இல் சிலை வைத்தார்களே, சிலம்பைப் பிடித்து நிற்கும் கண்ணகி, அவள் கோபம் எல்லோருக்கும் பிடித்த கோபம். 2001-இல் அந்தச் சிலையை எடுத்தபோது எவ்வளவு பெரிய சத்தம் எழுந்தது, 2006-இல் திரும்ப வைத்தார்கள். கணவனுக்காக அரசனிடம் 'தேரா மன்னா' என்று சீறினால் காப்பிய நாயகி. கணவனிடமே ஒரு வரி சொன்னால் அது வருத்தம்.

ஒப்பிடுகிற இந்தப் பழக்கம் எங்கள் வினாத்தாளில் தொடங்கியதும் அல்ல, கோவில் திருவிழாப் பட்டிமன்றத்தில் தொடங்கியதும் அல்ல. காப்பியத்துக்குள்ளேயே இருக்கிறது. வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் தன் அரசி வேண்மாளிடம் கேட்கிறான்: கணவனோடு உயிர்விட்ட பாண்டிமாதேவி, சினத்தோடு நம் நாட்டுக்கு வந்த கண்ணகி, இருவரில் யார் வியக்கத்தக்கவர்? அவள் பாண்டிமாதேவிக்கு வானத்தில் பெருஞ்சிறப்பு உண்டாகட்டும் என்கிறாள். 'அத்திறம் நிற்க' என்று அதை அங்கேயே நிறுத்திவிட்டு, நம் நாட்டை அடைந்த இந்தப் பத்தினிக் கடவுளை வழிபட வேண்டும் என்று பேச்சைக் கோவிலுக்குத் திருப்பிவிடுகிறாள். யாரையும் தாழ்த்தவில்லை. கணவனின் கேள்வியை இவ்வளவு நயமாக ஒதுக்கி வைத்த அரசி எனக்கு மிகவும் பிடித்தவள். அவளுக்கு எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

மணிமேகலைக் காப்பியமும் பாடத்தில் இல்லை. இருந்தாலும் அலகு முடிந்த மறுநாள் ஊரலர் உரைத்த காதையிலிருந்து சில வரிகளை வாசித்துக் காட்டுவேன். இந்திர விழாவுக்கு ஆட வரவில்லையே என்று தாய் சித்திராபதி ஆள் அனுப்ப, மாதவி மறுக்கிறாள். தான் பெற்ற பெண்ணை 'மாபெரும் பத்தினி மகள் மணிமேகலை' என்கிறாள். கண்ணகியின் மகளாம்! நாம் கோடு கிழித்து இரண்டு பக்கமும் நிறுத்திய பெண்களில் ஒருத்தி, தன் பிள்ளையையே கோட்டுக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிட்டாள். இரண்டு காப்பியங்களிலும் தேடிப் பாருங்கள், இவர்களுக்குள் ஒரு சக்களத்திச் சண்டை கிடையாது. சண்டை மூட்டியது முழுக்க நாம்தான்.

போன பருவம் வினாத்தாள் எடுக்கும் முறை எனக்கு வந்தது. ஒப்பிடுக வினாவை எடுத்துவிட்டுக் கோவலனின் பாத்திரப் படைப்பைக் கேட்டிருந்தேன். வினா வங்கியில் இல்லை என்று பரிசீலனைக் குழு பழையதையே வைத்துவிட்டது. இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக பகுதியில் நான் வைத்த 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' மட்டும் தப்பியது, 3 மதிப்பெண். திருத்த உட்கார்ந்தால், சரியாக எழுதியவர்கள் சிலர் இருந்தார்கள், என் வகுப்புப் பிள்ளைகள் என்று கையெழுத்திலேயே தெரிந்தது. மற்றக் கட்டுகளில் கணிசமான பேர், இது கோவலன் மாதவியைப் பார்த்துக் கூறியது என்று எழுதியிருந்தார்கள். பொருள் சரியாக இருந்ததால் ஒரு மதிப்பெண் போட்டேன்.