மடை திறந்தாச்சா, மக்களே?

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் தினமும் முதலில் கண் விழிப்பது தண்ணீர்தான். காலை ஆறேகாலுக்கு ஆர்.ஓ. பிளாண்டின் சுவிட்சைப் போட்டதும் குழாய்களுக்குள் அது ஓடத் தொடங்கும் சத்தம் கேட்கும். கார்பன் ஃபில்டரைத் தாண்டி வந்த தண்ணீரில் கொஞ்சம் பிடித்து, குளோரின் இல்லை என்று சோதித்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே மெஷினைத் தொடுவோம். குளோரின் தங்கிவிட்டால் நோயாளியின் ரத்த அணுக்கள் உடைந்துபோகும். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரம், ஒரு ஆளுக்கு 120 லிட்டர் தண்ணீர். அதே ஆள் ஒரு நாளில் குடிக்க அனுமதி பெரும்பாலும் ஒரு லிட்டருக்கும் குறைவு. நாகர்கோவிலில் இந்த வேலைக்கு வந்து பதினேழு வருடமாகிறது. இந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் வேலை செய்கிறது. நாங்கள் மெஷினை வைத்துச் செய்வது வாரத்துக்கு மூன்று தடவை, மொத்தம் 12 மணி நேரம். சுத்தமாகிப் போன ரத்தத்தில் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறுபடி கழிவு சேரத் தொடங்கிவிடும். திங்கள், புதன், வெள்ளி என்று வருகிறவர்களுக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் ஒரு நாள் கூடுதல். அந்த ஒரு நாள் போதும், திங்கட்கிழமை கால் வீங்கி, முகம் ஊதி, மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். “ஒரே நாள்ல எட்டு மணி நேரம் செஞ்சு மிச்சம் பிடிக்க முடியாதா சிஸ்டர்?” என்று புதிதாக வருகிறவர்களின் வீட்டார் கேட்பார்கள். முடியாது என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் என் சொந்த விஷயத்தில் அது எனக்கு வெகுகாலம் புரியவில்லை.

நான் பிறந்தது மயிலாடிப் பக்கம். 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் ஊழியம் செய்த ஊர். வீட்டில் விடியுமுன் குடும்ப ஜெபம் உண்டு. ஆனால் வேலைக்கு வந்த பிறகு, ஷிப்ட் மாறி மாறி, காலை ஜெபம் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொல்லும் நான்கு வரியாகச் சுருங்கிவிட்டது. அதற்கு ஈடாக வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று நாள் கன்வென்ஷனுக்கு லீவு போட்டுப் போவேன். பாடி, அழுது, நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வருவேன். அறுத்த நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி மூடுவது போல ஒரு நிம்மதி இருக்கும். பத்து நாளில் பத்தாயம் காலியாகிவிடும். என் விசுவாசம்தான் பத்தாது போலிருக்கிறது என்று என்னையே குற்றம் சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை வந்தது. தையல் வேலை செய்யும் இருபத்தாறு வயதுப் பெண், மூன்று வருடமாக என்னிடம்தான் ஊசி போட்டுக்கொள்வாள். மற்றவர்கள் போட்டால் வலிக்கிறது என்பாள். அவளுடைய மெஷினைத் தயார் செய்து, குழாய்களில் சலைன் ஓடவிட்டு, ஊசிகளை எடுத்து வைத்துக் காத்திருந்தேன். ஏழு பத்துக்கு அவள் அண்ணன் போன் செய்தார். ஞாயிறு ராத்திரி வீட்டிலேயே முடிந்துவிட்டது. தயாராக வைத்திருந்த குழாய்களை நான்தான் கழற்றிக் கழிவுத் தொட்டியில் போட்டேன். அடுத்த நோயாளி காத்திருந்தார். அன்று ஒன்பது பேருக்கு ஊசி போட்டேன், ஒரு கை கூட நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஸ்கூட்டியில் போகும்போது தேரூர் குளக்கரையில் வண்டியை நிறுத்தினேன். ஜெபிக்கவோ குளத்தைப் பார்க்கவோ நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வருஷக்கணக்காக அந்த வழியில் போயும் அந்தக் குளத்தை நான் நின்று பார்த்ததில்லை. தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது கூடப் பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்ததோடு சரி.

ஜூலை மாதம். மேற்கிலிருந்து ஈரக் காற்று. நீர்க்காகங்கள் வரிசையாகத் தாழப் பறந்து போயின. கரையோரம் ஒரு நாரை, நான் நின்ற நேரம் முழுவதும் அசையாமல் நின்றது. வெளிச்சம் ஏறின பிறகு தாமரை இலைகளுக்கு நடுவே நீண்ட வாலுள்ள ஒரு பறவை உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கேமராவோடு வந்திருந்த ஒரு கல்லூரிப் பையன் சொன்னான்: “நீளவால் இலைக்கோழி, அக்கா. ஆண். முட்டை மேல உக்காந்திருக்கு. பெண் முட்டையிட்டுட்டுப் போயிரும், அடைகாக்குறதும் குஞ்சைப் பாத்துக்குறதும் இதுதான்.” காற்று அடிக்கும்போதெல்லாம் அந்த மிதக்கும் கூடு ஆடியது. பறவை சிறகை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி மூடிக்கொண்டது.

“அவர் தமது சிறகுகளாலே உன்னை மூடுவார்.” சிறு வயதில் மனப்பாடம் செய்த சங்கீதம். எத்தனையோ மரண வீடுகளில் நானே வாசித்திருக்கிறேன். அதுவரை எனக்கு அந்தச் சிறகு படங்களில் வரும் தேவதூதருடைய பெரிய வெள்ளைச் சிறகு. இப்போது பார்த்தது ஈரத்தில் நனைந்த, சேறு ஒட்டின ஒரு சின்னச் சிறகு. அதற்குக் கீழே இருக்கும் முட்டைக்கு அதுவே போதுமாக இருந்தது. முந்தின நாள் முழுவதும் வராத அழுகை அங்கே வந்தது. அந்தப் பையன் நல்ல பிள்ளை, தள்ளிப் போய் நின்றுகொண்டான். அன்று இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். ஊசி போடுமுன் ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடத்தில், விரல் வைத்தபோது, தோலுக்குக் கீழே வண்டு ரீங்கரிப்பது போன்ற அந்த அதிர்வு, பதினேழு வருடமாகத் தொட்டுப் பார்க்கும் அதே அதிர்வு, எனக்குக் கேட்கிற மாதிரி இருந்தது.

அந்த வாரம்தான் யாத்திராகமம் பதினாறாம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் உணவாகத் தந்த மன்னா கொத்துமல்லி விதை போல வெண்மையாக இருந்தது, விடியற்காலந்தோறும் அவரவர் சாப்பிடும் அளவுக்குப் பொறுக்கிக்கொண்டார்கள், வெயில் ஏற ஏற உருகிப்போயிற்று. மறுநாளைக்கென்று மிச்சம் வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஞாயிறு பள்ளியில் படித்தபோது இது பேராசைக்காரர்களுக்குச் சொன்ன கதை என்று நினைத்தேன். இப்போது எங்கள் வார்டைப் பற்றிச் சொன்னது போலிருந்தது. வாரம் மூன்று தடவை வருகிறவர்களை யாரும் “போன தடவை செய்தது என்ன ஆயிற்று” என்று கேட்பதில்லை. தீர்ந்துபோவது அதன் இயல்பு. அப்படியிருக்க, பத்து நாளில் கன்வென்ஷன் பலன் தீர்ந்தது என்று நான் ஏன் என்னை வதைத்துக்கொண்டேன்?

அதிலிருந்து தினமும் ஐந்தே முக்காலுக்குக் குளக்கரையில் பத்து நிமிடம். பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அன்றைக்கு வரப்போகிற நோயாளிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வேன். “இன்றைக்கு வேண்டியதைத் தாரும்” என்பேன். பிறகு சும்மா நிற்பேன். மழை நாட்களில் வண்டியை விட்டு இறங்காமல் ரெயின்கோட்டுக்குள்ளிருந்து பார்ப்பதும் உண்டு. ஒன்றுமே உணராத நாட்கள் நிறைய. அந்த நாட்களிலும் நாரை நிற்கும்.

இரண்டாம் பெட்டில் ஒரு தாத்தா இருந்தார். குளத்துப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த விவசாயி, கும்பிடுவது முத்தாரம்மனை. நான் அந்த வழியாக வருகிறேன் என்று தெரிந்ததிலிருந்து ஊசி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பார்: “மடை திறந்தாச்சா, மக்களே?” (எங்கள் பக்கம் பிள்ளைகளை ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவார்கள்.) கன்னிப்பூ என்ற முதல் போக நெல் சாகுபடி நேரத்தில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பார். கும்பப்பூ என்ற இரண்டாம் போக அறுப்பு சமயத்தில் எந்த வயல் முற்றியிருக்கிறது என்பார். நாக்கை நனைக்க ஒரு ஐஸ் துண்டு மட்டும் அனுமதியுள்ள மனிதர், நிறைந்த குளத்தைப் பற்றி ஒரு சொல் விடாமல் கேட்பார். அவருக்காக நான் மதகையும் வரப்பையும் பார்க்கப் பழகினேன். நான் பார்க்காமல் வந்த நாளில் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். “இன்னைக்கு நிக்கல இல்லியா?” என்பார்.

பவுல் எழுதியிருக்கிறார்: “எங்கள் புறம்பான மனுஷனானது அழிந்தும், உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது.” இந்த வசனத்தின் முதல் பாதியைச் சுற்றி வளைத்துச் சொல்ல எங்கள் வார்டில் வழியில்லை. எடை குறைந்து, தோல் கறுத்து, எலும்பு வலித்து அழிவது தெரிந்தேதான் நடக்கிறது. அந்தத் தாத்தாவும் அப்படித்தான் மெலிந்துகொண்டே வந்தார். ஆனால் மடை திறந்துவிட்டது என்று சொன்ன காலையில் அவர் கண்ணில் வந்த வெளிச்சம் முந்தின வாரத்து வெளிச்சம் இல்லை, அன்றைக்கே வந்தது. இரண்டாம் பாதியை நான் அங்கே பார்த்தேன். கர்த்தர் அவருக்கும் ஏதோ ஒரு குளக்கரையை வைத்திருந்தார், அது என் வாய்ச்சொல்லாக இருந்தது என்று நம்புகிறேன்.

கும்பப்பூ அறுப்பு முடிந்த மாதத்தில் அவர் போனார். வைக்கோல் மணம் சாலை முழுவதும் இருந்த நாட்கள். ஒரு வாரம் குளக்கரையில் நின்றபோது மதகைப் பார்க்க மனம் வரவில்லை.

இப்போது இரண்டாம் பெட்டில் மணக்குடிக் கடற்கரைக்காரர் ஒருவர். கழுத்தில் செபமாலை, நாற்பது வருடம் கடலுக்குப் போன கை, ஃபிஸ்டுலா அந்தக் கையில் கயிறு போலப் புடைத்து நிற்கிறது. அவருக்குக் குளமும் வயலும் பெரிய விஷயமில்லை. மூன்றாவது நாள் மெதுவாகக் கேட்டார்: “சிஸ்டர், வார வழியில காத்து எப்படி? கச்சான் எறங்கிட்டா?”

கச்சான் என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று. அது இறங்கிவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் குளக்கரையில் தாமரை இலைகள் எந்தப் பக்கம் புரள்கின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.