பத்துச் சலவைக்கு அப்புறம்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் 2006இல் தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்தேன். சின்ன அறை. ஒரு வாஷிங் மெஷின், ஒரு டிரையர், ஒரு தராசு, துணியை வட்டமாக வெட்டும் கட்டர். வெட்டிய வட்டத்தை எடை போட்டு ஜிஎஸ்எம் பார்க்க வேண்டும், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று. அப்புறம் துணியில் ஐம்பது சென்டிமீட்டருக்குக் கோடு போட்டுத் துவைத்து, எவ்வளவு சுருங்கியது, பக்கத் தையல் எவ்வளவு முறுக்கியது என்று எழுத வேண்டும். சுருக்கம் ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் லாட் நிற்கும். அன்றிலிருந்து இதுதான் என் வேலை.

நான் சேர்ந்தபோது சாதாரண ஆண்கள் டிசர்ட் என்றால் எங்கள் கம்பெனியில் 180 ஜிஎஸ்எம். தோள் தையலுக்குள் டேப் வைத்துத் தைப்போம். கழுத்து ரிப்பில், அதாவது கழுத்துப் பட்டியில், இழுத்தால் நீளும் லைக்ரா நூல் கலந்திருக்கும். ஐந்து சலவை முடித்துப் பார்த்துத்தான் ஓகே போடுவோம். கொஞ்சம் கொஞ்சமாக 160 ஆனது, பிறகு 145, 140. டேப் போனது, லைக்ரா போனது. 2014 வாக்கில் ஒரு பையர், அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனம், அனுப்பிய சோதனைத் தாளில், ஐந்து சலவை என்று இருந்த இடத்தில் ஒன்று என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து, பையர்களோடு பேசும் மெர்ச்சண்டைசரிடம் கேட்டேன்.

“பிழை இல்லைங்கண்ணா. அவங்க கஸ்டமர் அதுக்கு மேல துவைக்கறதில்லையாம்.”

எங்கள் வீட்டில் அப்பாவின் பனியன் கிழிந்தால் சைக்கிள் துடைக்கும் துணியாகும், அதற்கப்புறம் அம்மாவின் அடுப்படியில் கரித்துணியாகும். ஒரு தடவை துவைப்பதற்கென்றே ஒரு சட்டையைத் தைப்பார்கள் என்பது எனக்குப் புரியவே சில நாட்கள் ஆயின. எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் 2017 அறிக்கையைப் படித்தபோது, நான் தாளில் பார்த்தது உலகம் முழுக்க நடப்பது என்று தெரிந்தது. பதினைந்து வருடத்தில் உடை உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கிறது. ஒரு உடையை அணியும் தடவைகளோ 36 சதவீதம் குறைந்திருக்கின்றன.

இதன் விலையை எங்கள் ஊர் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். கருநீலம், கறுப்பு மாதிரி அடர் நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயத் தண்ணீரில் 60, 70 கிராம் உப்பு போடுவார்கள். கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் அரைக் கிலோ உப்பு. ஒரு கிலோவில் நாலைந்து டிசர்ட் வரும். ஆக, ஒரு கறுப்பு டிசர்ட்டுக்கு ஒரு கை நிறைய உப்பு. அந்த உப்பு துணியில் தங்காது. அத்தனையும் கழிவுநீரில் வரும். பல வருடம் அது நொய்யல் ஆற்றில்தான் போனது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது நானும் மூன்று மாதம் பாதிச் சம்பளத்தில் இருந்தேன். அந்த விவசாயிகள் மேல் ஒரு நாளும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

இப்போது கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரும் உப்பின் பெரும்பகுதியும் மீண்டும் பட்டறைக்கே வருகின்றன. அதற்கு எரியும் விறகும் மின்சாரமும் கொஞ்சமில்லை. மீட்க முடியாத கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. ஒரு தடவை துவைக்கும் சட்டைக்கும் நூறு தடவை துவைக்கும் சட்டைக்கும் உப்பு ஒன்றுதான். இந்தக் கணக்கு மனதில் ஏறிய பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் சொந்தக்காரர்களிடம் ஆற்றைப் பற்றிப் பேசினேன். கல்யாண வீட்டில், பஸ்ஸில், எங்கே யார் கிடைத்தாலும். கேட்பார்கள், வருத்தப்படுவார்கள், அடுத்த வாரம் ஆஃபரில் நாலு டிசர்ட் வாங்குவார்கள். அவர்கள் அக்கறை பொய்யில்லை. கடையில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவது விலைச் சீட்டு மட்டும்தான், ஆறு தெரிவதில்லை.

2017 தீபாவளிக்கு எங்கள் கம்பெனி கீழ்த்தளத்தில் மிச்சப் பீஸ்களை விற்கக் கடை போட்டார்கள். சரக்கு தெரிந்த ஆள் என்று என்னையும் உட்கார வைத்தார் முதலாளி. சிறுவர் டிசர்ட் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று 140 ஜிஎஸ்எம், 150 ரூபாய். இன்னொன்று கோம்டு நூலில், அதாவது குட்டை இழைகளைச் சீவி எடுத்த நூலில், 180 ஜிஎஸ்எம், 280 ரூபாய். தொட்டுப் பார்த்தால் மலிவானதுதான் அதிக மிருதுவாக இருந்தது. அந்த மிருது நூலில் இருந்து வருவதில்லை, துணியை மிருதுவாக்கக் கடைசியில் போடும் சிலிகோன் சாஃப்ட்னரில் இருந்து வருவது. சில சலவையில் போய்விடும். வாங்குகிறவரின் கை பொய் சொல்லவில்லை, கைக்குக் கொடுத்ததுதான் பொய்.

அன்று இரவு இரண்டு ரகத்திலும் ஒவ்வொன்றை எடுத்துப் போய்ச் சோதனை அறையில் பத்துத் தடவை துவைத்தேன். மறுநாள் காலையில் அந்தந்த ரகத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். “பத்துச் சலவைக்கு அப்புறம்” என்று அட்டையில் எழுதியதோடு சரி, வேறு எதுவும் பேசவில்லை.

வெள்ளக்கோயிலில் இருந்து ஒரு அம்மா இரண்டு பையன்களோடு வந்திருந்தார். 150 ரூபாயில் ஆறு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டியிருந்ததைப் பார்த்தார்.

“ஏனுங்க, இது பழசுங்களா?”

“புதுசுதானுங்க. பத்துத் தடவை துவைச்சது.”

கழுத்தை இழுத்தார். அலையலையாக நின்றது. பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்திருந்தது. அடுத்ததைத் தொட்டார், உள்ளே திருப்பித் தையலைப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எத்தனை தீபாவளிக்கு வரும் என்று கேட்டார். பெரியவன் போட்டு, வளர்ந்து, சின்னவனுக்கும் ஆகும் என்றேன். ஆறையும் திரும்ப வைத்துவிட்டு மூன்று எடுத்தார், 840 ரூபாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்று டிசர்ட்டின் உப்பு அந்தக் கல்லாவிலேயே மிச்சமானது.

எல்லாரும் அப்படி மாறவில்லை. கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் இரண்டையும் பார்த்துவிட்டு 150 ரூபாயைத்தான் எடுத்தார். அவரிடம் அன்று அவ்வளவுதான் இருந்தது. அவர் அதைக் கந்தலாகும் வரை போடுவார். நொய்யலுக்கு அவரால் பெரிய பாரமில்லை. மாற வேண்டியவர்கள் அலமாரி மூடாத அளவுக்கு வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்கள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதலாளி மாட்டியதைக் கழற்றச் சொன்னார். மலிவான சரக்கு தேங்கிவிட்டது. அவர் கவலை எனக்குப் புரிந்தாலும் கழற்றும்போது கஷ்டமாக இருந்தது. கணக்கு முடித்தபோது பீஸ் எண்ணிக்கை முந்தின வருடத்தைவிடக் குறைவு, பணம் கிட்டத்தட்ட அதேதான். பொங்கலுக்கு அவரே கேட்டார், “அந்தத் துவைச்ச பீஸ் எங்கப்பா?” மறுபடி மாட்டினேன். அடுத்த வருடச் சிறுவர் ஆர்டரில் 140 ஜிஎஸ்எம் ரகம் குறைந்தது, தோள் டேப் திரும்ப வந்தது. ஒரு சின்னக் கடையில் நடந்தது இது. ஆனாலும் கல்லாவில் கேட்கிற கேள்வி கட்டிங் டேபிள் வரை வந்து சேரும் என்பதை என் கண்ணால் பார்த்தேன்.

வாங்கிய பிறகும் நம் கையில் நிறைய இருக்கிறது. உள்பக்கம் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவைக்கலாம், நிழலில் காயப்போடலாம். கழுத்துத் தையல் ஒரு அங்குலம் விட்டால் அன்றைக்கே ஊசி எடுக்கலாம், ஒரு வாரம் விட்டால் நாலு அங்குலம் போய்விடும். பிரிட்டனின் ராப் அமைப்பு கணக்குப் போட்டிருக்கிறது: ஒரு உடையை ஒன்பது மாதம் கூடுதலாகப் போட்டாலே அதன் கார்பன், தண்ணீர், கழிவுச் சுமை 20 முதல் 30 சதவீதம் வரை குறையும். புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

என்னைக் கலங்க வைப்பது போனில் வாங்குவது. அங்கே தொட முடியாது, மாட்டி வைக்கவும் முடியாது. பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகன் மாதத்துக்கு இரண்டு மூன்று வாங்குவான். போன மாதம் ஒரு படத்தை அனுப்பி, “மாமா, இது நல்லாருக்குமா?” என்று கேட்டான். ஜிஎஸ்எம் போட்டிருக்கிறதா பார் என்றேன். போடவில்லை. கேள் என்றேன். கேட்டிருக்கிறான், இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 140. அந்தப் பதிலை எனக்கு அனுப்பிவிட்டு, கீழே இன்னொரு படம் வைத்திருந்தான். மூன்று வருடத்துக்கு முன் நான் கொடுத்த டிசர்ட், கழுத்து ஓரம் விட்டிருந்தது. “இதை எப்படித் தைக்கறது மாமா?”

வீடியோ காலில் வா என்றேன்.