மங்கியதும் மங்கலாக வரைந்ததும்

"எது மங்கிப்போனது, எது மங்கலாகவே வரைந்தது, உனக்கு எப்படித் தெரிந்தது?"

தாதா கேட்டது இந்த ஒரு கேள்விதான். தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தபோது நான் கற்றுக்கொண்ட முதல் சொல் அது. அச்சுக்குப் போகும் படங்களைச் சரிசெய்யும் எங்கள் இடத்தில் மூத்தவர் அவர். அவரை வேறு எப்படியும் அழைத்ததில்லை. அச்சுத் தகடான பிளேட் போடுவதற்கு முந்தைய மாதிரி அச்சை, ப்ரூஃபை, கையில் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார். "நூறு வருஷத்துக்கு முந்தைய அச்சு தாதா, மங்கியிருந்தது, சரிசெய்தேன்" என்றேன். அவர் ப்ரூஃபை என் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நான்கு வருஷம் ஆகிறது. அந்தப் பதிலை எத்தனையோ விதமாக மனசுக்குள் மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

படம் வங்காள ஓவியர் அபனீந்திரநாத் தாகூருடையது, தவத்தைக் கலைக்க வந்த மாரனை வென்று அமர்ந்திருக்கும் புத்தர். 1913-ல் லண்டனில் வந்த புராணக் கதை நூலுக்கான படம். விவேகானந்தரின் சீடர் நிவேதிதை தொடங்கிய நூல் அது. 1911-ல் டார்ஜிலிங்கில் அவர் காலமான பிறகு, கொழும்பில் பிறந்த நம் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி எழுதி முடித்தார். அதில் 32 வண்ணப் படங்கள். நந்தலால் போஸ், மைசூர் வெங்கடப்பா, க்ஷிதீந்திரநாத் மஜூம்தார் என்று அபனீந்திரநாத்தின் மாணவர்கள் வரைந்தவையும் அதில் உண்டு. ஒரு சிறுவர் புத்தகத்துக்காக, குருவின் படங்களை மட்டும் ஸ்கேன் செய்து நிறம் சரிபார்த்துத் தருவது எங்களுக்கு வந்த வேலை.

நான் செய்தது எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். நுண்புள்ளிகளால் அச்சிட்ட பழைய ஹாஃப்டோன் படத்தை ஸ்கேன் செய்தால் புள்ளிகள் மோதி அலையலையாகக் கோடு விழும். அதைப் போக்கித்தான் ஆக வேண்டும். தாள் பழுத்து மஞ்சளாகியிருந்தது. அந்த மஞ்சள் காலத்தின் வேலை, ஓவியர் தீட்டியது இல்லை. அதை எடுத்தேன். இதுவரைக்கும் தாதாவும் என்னோடு சண்டைக்கு வந்திருக்க மாட்டார்.

அப்புறம்தான் கணினியில் படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கிற கர்வ்ஸைத் திறந்தேன். இருண்ட முனையைக் கறுப்புக்கும் வெளிர் முனையை வெள்ளைக்கும் இழுத்தேன். பழக்கத்தில் கை தானாகச் செய்கிற வேலை. புத்தரும் பின்னணியும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்த இடத்தில் ஓர் ஓரம் பிறந்தது. உருவம் முன்னால் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க முடியாது. பதிப்பகத்திலிருந்து போனில் "இப்போதான் உயிர் வந்திருக்கு" என்றார்கள்.

1903-ல் ஜப்பானிலிருந்து யோகோயாமா தாய்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஓவியர்கள் கல்கத்தா வந்தார்கள். கோடுகளே இல்லாமல் நிறங்களை ஒன்றில் ஒன்று மங்கலாகக் கரைத்து வரைகிற முறை அவர்களுடையது. சொந்த நாட்டிலேயே அதற்காகக் கேலிக்கு ஆளானவர்கள். தாய்கான் ஈரத் தூரிகையால் படத்தை நனைத்து வேலை செய்ததைப் பார்த்த அபனீந்திரநாத், ஒரு படி மேலே போய்ப் படத்தையே தண்ணீரில் முக்கி எடுத்தார். வண்ணம் தீட்டுவது, நனைப்பது, காயவிடுவது, மறுபடி தீட்டுவது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறம் கழுவிப்போகும், மிச்சம் தாளுக்குள் இறங்கும். வாஷ் என்கிறோமே, அது இதுதான். அந்த மூட்டத்தைக் கொண்டுவர அவருக்கு எத்தனை நனைப்பு ஆகியிருக்குமோ. நான் எடுத்துக்கொண்டது இரண்டு நிமிஷம்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லிவந்தேன். முழு உண்மை இல்லை. வேலையோடு வந்த குறிப்பில் 'வாஷ் ஓவியம்' என்று எழுதியிருந்தது. படித்தேன். அது ஓவியத்தின் வகை என்று நினைத்தேனே தவிர, எனக்கான எச்சரிக்கை என்று நினைக்கவில்லை.

ஆனால் தாதாவின் கேள்விக்கு அவரிடம்தான் பதில் இருந்ததா? அந்தக் காலத்து மூவண்ண அச்சில் கறுப்பு மையே கிடையாது. மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வருகிற அழுக்குக் கருமைதான் இருட்டு. நான் பார்த்த மங்கலில் ஓவியருடையது எவ்வளவு, மை செய்தது எவ்வளவு, நூறு வருஷம் செய்தது எவ்வளவு? அசல் என் முன்னால் இல்லை, தாதா முன்னாலும் இல்லை. நான் கறுப்பு மையைச் சேர்த்து நாலு வண்ணத்தில் அனுப்பியதால் அபனீந்திரநாத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாகக்கூடப் போயிருக்கலாமே. இந்த வாதம் பகலில் நன்றாகவே நிற்கிறது.

நான் வளர்ந்த வீட்டில் சாமி படம் என்றால் ரவி வர்மா வழி வந்த லட்சுமிதான். 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகம் எங்கள் ஊர்ப் பூஜையறை வரைக்கும் நீண்டிருந்தது. சிவப்பு சிவப்பாக இருக்கும், நகை நகையாக மின்னும். அந்தக் கண்ணோடுதான் நான் புத்தரைச் சரிசெய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பளபளப்பை வேண்டாம் என்று தள்ளித்தான் அபனீந்திரநாத் தன் வழியைத் தேடினார். நான் அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்து அதே பளபளப்பில் உட்கார வைத்துவிட்டேன்.

ஆனாலும் அபனீந்திரநாத்தின் பாரத மாதா ஓவியத்தை அச்சிட்டுக் கேதாரத்திலிருந்து கன்னியாகுமரி வரை ஒவ்வொரு குடிசைக்கும் கொடுக்க ஆசைப்பட்டவர் நிவேதிதை. அப்படி அச்சிடக் கிளம்பினால் யாரோ ஒரு அச்சுக்காரர் நிறத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? எந்த மையும் எந்தத் தாளும் ஈரத்தை அப்படியே தராது.

புத்தகம் வந்து சில மாதம் கழித்து விக்டோரியா நினைவு மண்டபத்தில் அபனீந்திரநாத்தின் அசல்களைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கு போதவில்லையோ என்று மேலே பார்த்தேன். ஒரே படத்தின் முன்னால் நின்றுகொண்டே இருந்தபோது ஒரு கை தெரிந்தது, அப்புறம் முகம். படம் என்னைக் காக்க வைத்தது. இந்தக் காத்திருப்பைத்தான் நான் அந்தச் சிறுவர் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டேன் என்று அங்கே நின்றபோது புரிந்தது. புரிந்ததா, அல்லது குற்ற உணர்ச்சி அப்படிப் பார்க்க வைத்ததா, சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என் அண்ணன் மகள் அந்தப் புத்தர் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். மங்கலாக இருந்திருந்தால் புரட்டிப் போயிருப்பாளோ என்னவோ.

உண்மையில் உறுத்துவது படம்கூட இல்லை. தாதா கேட்டபோது பிளேட் போடவில்லை, இரண்டு நாள் அவகாசம் இருந்தது. அவர் டீ குடித்துவிட்டு வந்ததும், "தெரியவில்லை தாதா, ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போமா" என்று கேட்டிருக்கலாம். பிளேட் கேமரா காலத்திலிருந்து படம் பார்த்த கண் அது. நான் கேட்கவில்லை. வாடிக்கையாளர் சரி என்று சொல்லிவிட்டார், அதை ஒரு சுவராகப் பிடித்துக்கொண்டேன். அவரும் அதற்கு மேல் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஓய்வு பெற்றுப் போனார்.

இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. பழைய ஃபைலையே அனுப்பச் சொன்னார்கள். திறந்தேன். என் திருத்தம் தனி அடுக்காக இருக்கிற கர்வ்ஸ் லேயரை அணைத்தால் புத்தர் உள்ளே போகிறார், போட்டால் வெளியே வருகிறார். அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு, கடைசியில் லேயரைப் பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறேன். ஐம்பது சதவீதம் என்பதற்கு எந்தக் காரணமும் என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை பிளேட் போக வேண்டும். தாதாவின் நம்பரை எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் கூப்பிடவில்லை.